குதிகால் ஸ்கேன் சீட்டில் இருக்கும் அந்த நம்பர்

"இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை முகாம்" என்ற போஸ்டரை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு மேஜை, மேலே ஒரு சின்னப் பெட்டி. குதிகாலில் கொஞ்சம் ஜெல் தடவி காலை உள்ளே வைத்தால், சில நிமிஷத்தில் துண்டுச் சீட்டு வந்துவிடும். அதில் "டி ஸ்கோர் -2.6" என்று இருந்தால் ஆச்சி பயந்துபோய்க் கால்சியம் மாத்திரை டப்பாவோடு வீடு திரும்புவார். நார்மல் என்று வந்தால் "எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று சீட்டை அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார். இரண்டுமே அவசர முடிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முழங்கால் வலியையும் நம்ம ஊரில் "எலும்புத் தேய்மானம்" என்றுதான் சொல்கிறோம். அது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. இந்தக் கருவி பார்ப்பது வேறு சமாச்சாரம்: எலும்பின் உள்ளே ஓட்டை பெரிதாகி, எலும்பு பலவீனமாகும் எலும்புப்புரை. இதற்கு வலியே இருக்காது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் பல பேருக்குத் தெரியவரும். முகாமில் மூட்டுவலிக்குப் பதில் கிடைக்காது.

எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று நேராகப் பார்க்க வேண்டுமென்றால் அதை உடைத்துத்தான் பார்க்கணும். உள்ளமைப்பைப் பார்க்க இடுப்பெலும்பில் ஊசி விட்டுத் துண்டு எடுக்கலாம். இரண்டும் முகாமில் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி, ஒலியை வைத்து ஊகிக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் ஒலி திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறார்கள். இதில் படமே கிடையாது. குதிகாலின் ஒரு பக்கத்திலிருந்து ஒலி புறப்படும், மறுபக்கம் இன்னொரு கருவி வாங்கிக்கொள்ளும். அந்த ஒலி 200 முதல் 600 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் காது 20-க்கு மேல் கேட்காது. குதிகால் எலும்பின் உள்பக்கம் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு மாதிரி வலைப்பின்னல். முதுகெலும்பின் உள்ளேயும் இப்படித்தான். மேலே சதை குறைவு, இரண்டு பக்கமும் ஓரளவு தட்டை. அதனால்தான் குதிகால்.

கருவி இரண்டு விஷயத்தை அளக்கிறது. ஒன்று, ஒலி எவ்வளவு வேகமாகக் கடந்தது. இரண்டு, சுருதி ஏற ஏற ஒலி எவ்வளவு தேய்ந்தது. இந்த இரண்டாவது அளவை 1984-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டியன் லாங்டனும் சகாக்களும் வெளியிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: நல்ல எலும்பில்தான் ஒலி அதிகம் தேயும். வலை நெருக்கமாக இருந்தால் ஒலி மோதிச் சிதறும். ஓட்டை பெருத்த எலும்பில் ஒலி மெதுவாகப் போகும், ஆனால் பெரிதாகத் தேயாமல் வெளியே வந்துவிடும்.

இது வேலை செய்கிறதா? செய்கிறது. 1996-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 5,662 வயதான பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். யாருக்கு இடுப்பு முறியும் அபாயம் அதிகம் என்பதைக் குதிகால் அளவு கிட்டத்தட்ட டெக்ஸா அளவுக்கே சொன்னது. டெக்ஸா என்பது மிகக் குறைந்த எக்ஸ்ரேயில் இடுப்பையும் முதுகையும் அளக்கும் ஸ்கேன்.

அப்புறம் என்ன சிக்கல்? -2.5-க்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது டெக்ஸாவுக்கு. குதிகால் ஒலிக்கு அந்தக் கோடு பொருந்தாது. ஒரு கம்பெனி கருவியின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகாது. கால் வீங்கியிருந்தாலோ, சில்லிட்டிருந்தாலோ, கொஞ்சம் தள்ளி வைத்தாலோ எண் மாறும். ஆகவே போன வருஷச் சீட்டையும் இந்த வருஷச் சீட்டையும் பக்கத்தில் வைத்து "மருந்து கேட்டுருச்சு" என்று சொல்ல முடியாது.

அப்போ என்ன செய்யலாம்? குதிகால் ஸ்கேனை ஒரு சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் குறைவாக வந்தால் டாக்டரிடம் காட்டி டெக்ஸா எடுப்பது அடுத்த படி. சிவகிரியிலிருந்து அதற்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி போகும், கூட ஒரு ஆள் வரணும். யாருக்கு அந்தப் பயணம் அவசியம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தால், அதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான உபயோகம்.

எண் நன்றாக வந்தாலும் சிலர் பஸ் ஏறத்தான் வேண்டும். நின்ற இடத்திலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள். 45 வயசுக்கு முன்னாலேயே மாதவிடாய் நின்றவர்கள், ஆபரேஷனில் சினைப்பையை எடுத்தவர்களும் சேர்த்து. உயரம் குறைந்து கூன் விழ ஆரம்பித்தவர்கள். இந்த விவரம் எதுவும் ஒலிக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

அதனால் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ சீட்டோடு வந்தால், நம்பரைப் பார்த்த கையோடு இந்த நாலு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.