இலையும் சலவைத்தூளும்

‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று பற்றற்ற வாழ்வுக்கு உவமை கூறுவது நம் மரபு. இலைமேல் நீர் நிற்கிறது, ஆனால் ஒட்டுவதில்லை. இலையின் மேற்பரப்பில் நுண்ணிய மேடுகளாகப் படர்ந்துள்ள மெழுகே இதற்குக் காரணம். அந்நீரில் சிறிது சலவைத்தூளைக் கரைத்துவிட்டாலோ உவமை பொய்த்துவிடும். முத்துப்போல் உருண்ட நீர் பரந்து, இலையோடு ஒட்டிக்கொள்ளும். நேயர்களே, இச்சிறு மாற்றத்தில் நம் உணவையும் உடல்நலத்தையும் பற்றிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

நிலத்தில் வளரும் செடிகொடிகளின் இலைகளுக்கெல்லாம் மெழுகு கலந்த மெல்லிய தோல் ஒன்று உண்டு. செடியின் நீர் வீணாக வெளியேறாமல் காப்பது அதன் தலையாய பணி. ஆனால் நீரை விலக்கும் மெழுகு, எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை ஏற்றுக்கொள்கிறது. டீசல், நிலக்கரி, விறகு ஆகியவற்றின் புகையில் பென்சோபைரீன் என்னும் கரிமப்பொருள் உண்டு. இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பது உறுதிப்பட்ட உண்மை. ஒரு லிட்டர் தூய நீரில் இது சில மைக்ரோகிராம் அளவே கரையும். ஆகவே வெறும் மழைநீர் இதனை எளிதில் கரைத்துச் செல்வதில்லை. பூச்சிமருந்துகள் பலவும் இத்தன்மையுடையனவே.

இவ்வாறு இலைமேல் படிந்த மாசுக்கு நான்கு வழிகள் உண்டு. காற்றில் ஆவியாகலாம், வெயிலொளியால் சிதையலாம், நீரால் அடித்துச் செல்லப்படலாம், அல்லது மெழுகினூடே ஊடுருவி இலையின் உள்ளே சேரலாம். முதல் மூன்று வழிகளில் இலை மாசினின்று விடுபடுகிறது. நான்காம் வழியிலோ மாசு இலையிலேயே தங்கிவிடுகிறது. எவ்வழி வெல்லும் என்பதைச் சலவைப்பொருள் மாற்றியமைக்க வல்லது.

சலவைப்பொருளின் மூலக்கூறு இருமுகம் உடையது. ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சலவைப்பொருள் சேர்ந்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் மூலக்கூறுகள் கூடிச் சிறு உருண்டைகளாகின்றன. அவற்றின் நடுவே எண்ணெய் மாசு புகுந்துகொள்ள, நீர் அதனைச் சுமந்து செல்கிறது. துணி வெளுப்பது இவ்வாறே; இலைமேலுள்ள மாசின் ஒரு பகுதி கழுவப்படுவதும் இவ்வாறே.

ஆயின் இலை துணியன்று. அதன் மெழுகை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஷோன்ஹெர் முதலியோர், சிலவகைச் சலவைப்பொருள்கள் தாமே மெழுகினுள் புகுந்து அதனை இளகச் செய்வதைக் கண்டனர். இளகிய மெழுகில் பிற பொருள்களும் விரைந்து நகர்கின்றன. மேலும், இலைத்துளைகளின் வாயில்களில் சாதாரண நீர் நுழைவதில்லை; பரப்பு இழுவிசை 30-க்கும் கீழே மிகவும் தாழ்ந்தால் நீர் அவற்றினூடேயும் புகும். உள்ளே சென்ற மாசு வெயிலுக்கும் மழைக்கும் எட்டாததாகிவிடுகிறது. கழுவவந்த பொருளே வழிகாட்டியாகி மாசை உள்ளே அழைத்துச் செல்வதும் உண்டு!

இதன் விளைவு எத்துணைப் பெரிதாகலாம் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. சிட்னி நகரின் மேன்லி கடற்கரையில் ஓங்கி நின்ற நார்ஃபோக் தீவு ஊசியிலை மரங்கள் 1960-களிலும் 1970-களிலும் பட்டுப்போயின. அவை உப்புக்காற்றைத் தாங்கி வளர்ந்த மரங்களே. ஆனால் சாக்கடை நீரோடு கடலில் கலந்த சலவைப்பொருள், அலைத்திவலைகளோடு இலைகளில் படிந்து, உப்பு உள்ளே புகுவதற்கு வழி திறந்துவிட்டது. அங்கே உள்நுழைந்தது உப்பு. பிற இடங்களில் எண்ணெய் மாசும் அவ்வழியை நாடக்கூடும்.

நம் நாட்டிலும் இதற்கு இடமுண்டு. டெல்லியில் ஓக்லா அருகே யமுனையின்மீது வெண்ணுரை மிதப்பதற்குச் சலவைப்பொருள்களும் ஒரு காரணம். கழிவுநீர் கலந்த நீரைப் பாய்ச்சிக் கீரை விளைவிக்கும் ஊர்கள் பல. அந்நீர் இலைமேல் தெறிக்கும்போது, அங்கே ஏற்கனவே படிந்துள்ள புகைமாசையும் அது சந்திக்கிறது.

பூச்சிமருந்து இலையில் படிவதற்காக உழவர் ஒட்டும் திரவம் சேர்ப்பது தவறன்று. குறிப்பிட்ட அளவோடு சேர்ப்பதும், தெளித்தபின் அறுவடைக்கென விதித்த நாள்கள் கழியும்வரை காத்திருப்பதும் இன்றியமையாதவை. வீட்டிலோ, கீரையையும் காய்களையும் சோப்பாலோ சலவைத்தூளாலோ கழுவுதல் வேண்டா. ஓடும் நீரில் நன்கு அலசுவதும், வெளியிதழ்களை நீக்குவதும், உரிக்கக்கூடியவற்றை உரிப்பதுமே ஏற்ற முறைகள். எனினும், மெழுகினுள் புகுந்துவிட்ட மாசை எந்த அலசலும் முற்றிலும் நீக்காது. ஆதலின் புகையையும் கழிவுநீரையும் அவை தோன்றும் இடத்திலேயே தடுப்பதுதான் முதற்கடமை.