கணக்கில் வராத ஆண்டுகள்

முதுமையில் கைகொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்த நாடு தென் அமெரிக்காவிலுள்ள சிலி. ஜெனரல் பினோசேயின் இராணுவ ஆட்சியில், தொழில் அமைச்சர் ஹோசே பினேரா வகுத்த இத்திட்டம் 1981 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 வீதத்தைத் தன் பெயரிலுள்ள கணக்கில் போட வேண்டும். கம்பனி அதை முதலீடு செய்யும். அதற்குக் கட்டணமும் அறவிடும். அப்போது முதலாளி ஒரு சதமும் போடத் தேவையிருக்கவில்லை. (நமது ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துவதை நினைத்துப் பாருங்கள்.) எல்லோருக்கும் நல்லது என்று சொல்லப்பட்ட இத்திட்டத்தில் இராணுவத்தினர் மட்டும் சேரவில்லை. அவர்கள் பழைய ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்டார்கள்!

சேமித்த அளவுக்கு ஓய்வூதியம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணின் வாழ்க்கை அந்தக் கணக்கில் அடங்குமா? பிள்ளை பிறந்ததும் வேலையை விடுகிறாள். சில ஆண்டுகள் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் போகிறாள். வீட்டில் முதியவர் நோயில் விழுந்தால் மறுபடியும் அவள்தான் வீட்டில் நிற்கிறாள். சம்பளமில்லாத அந்த ஆண்டுகளில் அவளது கணக்கில் எதுவும் சேர்வதில்லை.

அதோடு நின்றதா? அங்கே ஆணுக்கு ஓய்வு வயது 65, பெண்ணுக்கு 60. ஐந்து ஆண்டுச் சேமிப்பு குறைகிறது. பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்பதால், ஒரே வயதில் ஒரே தொகையோடு ஓய்வு பெற்றாலும் ஆணைவிடப் பெண்ணுக்கு மாதாந்தம் குறைவாகவே கணக்கிட்டார்கள். நீண்ட ஆயுளுக்கு இப்படியும் ஒரு தண்டனை.

நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியான மிச்செல் பச்செலெட்டின் ஆட்சியில், 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், வறிய முதியோருக்கு அரசின் அடிப்படை ஓய்வூதியம் கிடைத்தது. தாய்மாருக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு தொகை சேர்க்கவும் அதே சட்டம் வழி செய்தது. ஆனாலும் குறை தீரவில்லை. 1981 இல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு 2016 இல் 60 வயது. அந்த ஆண்டில்தான் தனியார் ஓய்வூதியத்தை எதிர்த்துப் பெருந்திரளான மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

சிலியைப் பார்த்து வேறு நாடுகளும் இதே வழியில் போயின. 1994 இல் தனியார் கணக்குகளைத் தொடங்கிய ஆர்ஜென்டினா, 2008 இல் அவற்றை மீண்டும் அரசிடமே எடுத்துக்கொண்டது. 1981 முதல் 2014 வரை தனியார்மயத்துக்குப் போன 30 நாடுகளில் 18 நாடுகள், 2018 அளவில், முழுமையாகவோ ஓரளவோ திரும்பிவிட்டதாகச் சர்வதேச தொழில் தாபனம் கூறுகிறது.

சிலி தனியார் கம்பனிகளை இன்னமும் கைவிடவில்லை. ஆயினும் 2025 இல் நிறைவேறிய சட்டத்தின்படி முதலாளிமாரும் பங்கு செலுத்த வேண்டும்; அது படிப்படியாகச் சம்பளத்தின் 8.5 வீதம் வரை உயரும். பெண்கள் அதிக காலம் வாழ்வதால் குறைந்துபோகும் தொகையை ஈடுசெய்யும் கொடுப்பனவும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.