கொல்லைப்புறப் பறவைகள்: கூலி கேட்காத காவலாளிகள்

பழவேற்காடு என்றதும் பலருக்கும் பூநாரைகள்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் இந்த ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியின் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர் மாதங்களில் பூநாரையையும் கூழைக்கடாவையும் காண வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

ஆனால் ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டுக் கொல்லைக்கு வரும் கரிச்சான், தையல்சிட்டு, மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு ஆகிய சிறு பறவைகளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. இவற்றுக்கு நம் கொல்லைதான் சரணாலயம். இவற்றை வரவழைக்கப் பணம் தேவையில்லை. அவற்றைக் கொல்லும் சில பழக்கங்களை நாம் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பறவைகளால் என்ன பயன்?

கரிச்சான் கம்பத்தில் அமர்ந்து, பறக்கும் அந்துப்பூச்சிகளையும் வெட்டுக்கிளிகளையும் பிடிக்கும். தையல்சிட்டு இலை இலையாகத் தேடிச் சிறு புழுக்களைப் பொறுக்கும். கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் மண்ணைக் கிளறிப் புழுக்களைத் தின்னும். முருங்கைக் கம்பளிப்புழுவைப் பல பறவைகள் தொடுவதில்லை. ஆனால் குயில் இனத்துப் பறவைகள் கம்பளிப்புழுக்களை விரும்பித் தின்னும். இரவில் பனைமரத்துக் கூகை எலிகளை வேட்டையாடும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டும்.

கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட காய்த்துளைப்பான் புழுவைப் பறவையால் எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாக்கிய நுனிகளையும் காய்களையும் நாம்தான் கிள்ளி அழிக்க வேண்டும். இலைமேல் உள்ள புழுவுக்கும் பறக்கும் பூச்சிக்குமே பறவை காவல்.

பழைய வலையால் வந்த வினை

விரிவாக்கப் பணிக்காக ஏரியோரக் குப்பம் ஒன்றுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு சென்ட் அளவில் கீரை, மிளகாய், கத்தரி நன்றாக வளர்ந்திருந்தன. கோழிகள் கிளறாமல் இருக்கக் கீரைப் பாத்தியின்மேல் கிழிந்த நைலான் நரம்பு வலையைத் தளர்வாகப் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு கொண்டைக்குருவிகள் சிக்கியிருந்தன. ஒன்று இறந்து காய்ந்திருந்தது. மற்றொன்றுக்கு உயிர் இருந்தது. அந்த வீட்டு அம்மா கத்தியால் நரம்பை ஒவ்வொன்றாக அறுத்து அதைப் பறக்கவிட்டார்.

"கோழிக்காகப் போட்டேன் ஐயா, குருவிக்காகப் போடவில்லை" என்றார் வருத்தத்துடன்.

மெல்லிய நரம்பு வலை தண்ணீரில் மீனின் கண்ணுக்குத் தெரியாததுபோல் காற்றில் பறவையின் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே நரம்பு வலையைப் பயிர்மேலும் பழமரத்தின்மேலும் போட வேண்டாம். பாத்தியைச் சுற்றி ஓலை அல்லது முள் படல் கட்டலாம். மூடத்தான் வேண்டுமென்றால் மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டுப் பழைய புடவையை இழுத்துக் கட்டலாம். கிழிந்த வலைத் துண்டுகளை வேலியிலோ மரத்திலோ தொங்கவிடாமல் மூட்டையாகக் கட்டி ஒதுக்குங்கள்.

ஒரு செம்புத் தண்ணீர்

"பறவைக்குத் தண்ணீர் வையுங்கள்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே, "நாங்களே குடம் கணக்குப் பார்த்துத்தான் குடிக்கிறோம். குருவிக்கு எங்கே போவது ஐயா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி இருந்தும் உப்புக் கரிக்கும் ஊர்களில் நல்ல தண்ணீரின் அருமை பெண்களுக்குத்தான் தெரியும். ஆனால் பல சிறு பறவைகளுக்கும் அதே நிலைதான். உவர்நீரைக் குடித்து அவற்றால் வாழ முடியாது. கோடையில் கொல்லைக்கு அவற்றை இழுப்பது தீனியைவிடத் தண்ணீரே.

இதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். வாயகன்ற மண் சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். சிறு பறவைகள் நிற்க நடுவில் ஒரு கல்லை வையுங்கள். பூனை பதுங்க இடமில்லாத திறந்த இடத்தில், மரநிழல் படும்படி வைப்பது நல்லது. மறுநாள் காலை பழைய நீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புது நீர் ஊற்றுங்கள். தண்ணீர் வீணாகாது. தினமும் மாற்றுவதால் கொசுவும் பெருகாது. மீன் கழுவிய நீரையும் சோப்பு நீரையும் சட்டியில் ஊற்றக் கூடாது.

கோழிகளுக்குத் தனிச் சட்டி வைத்துத் தள்ளி வையுங்கள். காட்டுப் பறவைகளிடமிருந்து கோழிக்கும், கோழியிடமிருந்து அவற்றுக்கும் நோய் பரவக்கூடும். பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எந்த மரம், எந்த வேலி?

உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசு, புங்கம், வேம்பு, உகாய் ஆகியவை கடலோரக் கொல்லைகளுக்கு ஏற்றவை. பூவரசம் பூவுக்கும் முருங்கைப் பூவுக்கும் தேன்சிட்டு வரும். வேப்பம் பழத்துக்கு மைனாவும் குயிலும், உகாய்ப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் வரும். மருதாணி வேலி நெருங்கி வளர்வதால் சிறு பறவைகள் பூனைக்கும் காக்கைக்கும் அஞ்சாமல் ஒதுங்க இடம் கிடைக்கும். சவுக்கு மட்டும் நட்ட இடத்தில் பூவும் பழமும் தேடும் பறவைகளுக்கு வேலையில்லை.

பட்டுப்போன பனை வீட்டின்மேல் விழும் இடத்தில் இல்லையென்றால் வெட்டாதீர்கள். அதன் பொந்துகளில் மைனா, பனங்காடை, கூகை முதலியன குடியேறும்.

2004 சுனாமிக்குப் பின் பல குப்பங்களில் குடிசைகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் வந்தன. பாதுகாப்புக்கு அவை தேவைதான். ஆனால் கூரை இடுக்கில் கூடு கட்டிய சிட்டுக்குருவிக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு சாண் உயர மரப்பெட்டியில் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு, வெயிலும் மழைச்சாரலும் படாத சுவரில், பூனை எட்டாதபடி எட்டு முதல் பத்தடி உயரத்தில் மாட்டினால் அதில் கூடு கட்டும்.

விஷத்தை விலக்குங்கள்

பூச்சி மருந்து தின்று விழுந்த புழுவைப் பறவை தன் குஞ்சுக்குக் கொண்டுபோகும். 1995-96ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டில் வெட்டுக்கிளிகளை ஒழிக்க வயல்களில் மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகளைத் தின்ன வந்த பருந்து இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பூச்சியைத் தின்று உழவனுக்கு உதவ வந்தவையே செத்தன. காய்கறிப் பயிர்களில் இம்மருந்தைப் பயன்படுத்த நம் நாட்டில் தடை உள்ளது.

வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். அரை கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பத்து லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

எலிக்கு விஷம் வைத்தால், தள்ளாடும் எலியைக் கூகை எளிதாகப் பிடித்துத் தின்று தானும் சாகும். அதற்குப் பதில் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள்.

மீன் கழிவைத் திறந்த வெளியில் கொட்டினால் காக்கையும் பூனையும் கூடும். அவை அருகிலுள்ள கூடுகளில் முட்டையையும் குஞ்சையும் எடுத்துவிடும். கழிவைக் குழியில் புதைக்கலாம். அல்லது சம அளவு வெல்லத்துடன் மூடி வைத்து மீன் அமிலமாக்கிச் செடிக்குத் தெளிக்கலாம்.

நட்டம் வராதா?

வரும். கிளி கொய்யாவைக் கொத்தும். கொண்டைக்குருவி மிளகாய்ப் பழத்தையும் தக்காளியையும் தின்னும். நல்ல காய்களுக்குத் துணிப்பை கட்டி, உச்சிக்கிளைப் பழங்களைப் பறவைக்கு விட்டுவிடுங்கள். கிளி, மைனா ஆகியவற்றைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பொன்னேரி, மீஞ்சூர் பகுதி நெல், நிலக்கடலை விவசாயிகள் ஏக்கருக்கு 20 வீதம் 'டி' வடிவக் குச்சிகளைப் பயிருக்கு மேல் உயரும்படி நட்டால் கரிச்சான்கள் வந்து அமரும். நெல்லில் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

வேடந்தாங்கல் விவசாயிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடாமல் காக்க ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்துமூலம் உரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் வாடையும் இருந்தாலும் ஊர் மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. 1994இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்படும் முன்பே அவர்கள் காத்து வந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே குப்பத்துக்குச் சென்றேன். கீரைப் பாத்தியைச் சுற்றி ஓலைப்படல் இருந்தது. மிளகாய்ச் செடி ஓரம் மண் சட்டி இருந்தது. அந்த அம்மா வாயில் விரலை வைத்து, பேசாமல் வரும்படி சைகை காட்டினார். பூவரசின் தாழ்ந்த கிளையில் இரண்டு இலைகளைத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. "பேரப்பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் இதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான் ஐயா" என்றார்.

காலை ஆறு முதல் ஏழரை வரை பறவைகள் அதிகம் வரும். பிள்ளைகளை உடன் அமர்த்தி, எந்தப் பறவை எந்தப் பூச்சியைத் தின்றது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பங்குனி வெயில் ஏறும் முன்பே சட்டியை வைத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தைப் பறவைகள் தாமே கண்டுகொள்ளும்.