புயலிலும் அணையாத விளக்குகள்

நல்ல காலத்தில் கோயிலுக்குப் போவது பெரிய காரியமல்ல. சம்பளம் ஒழுங்காக வருகிறது, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், வீட்டில் நோய்நொடி இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்வரிசையில் போய் உட்கார யாருக்கும் முடியும். வேலை போய்விட்டால்? தீராத நோய் வந்து படுக்கையில் தள்ளிவிட்டால்? நேர்மையாக நடந்ததற்காகவே தொல்லை வந்து சேர்ந்தால்? நம்முடைய விசுவாசம் எவ்வளவு தூரம் வரும் என்பது, அன்பு வாசகர்களே, அப்போதுதான் நமக்கே தெரிகிறது.

"அதெல்லாம் பழங்காலத்துப் பரிசுத்தவான்களால் முடிந்தது, நம்மைப் போன்றவர்களால் முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். சாட்சி தேடி உரோமாபுரி வரை போக வேண்டாம். ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போனால் போதும்.

பாப்பான் பட்டணத்து மருத்துவச்சி

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் நம் மக்கள் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் சாப்பாடு. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெருந்தொகையானோர் திரும்பவே இல்லை. யாரை நம்பிப் பேசுவது என்று தெரியாத காலம் அது.

அந்தக் காலத்தில்தான் சிபில் கார்த்திகேசு என்ற பெண்மணி சோதிக்கப்பட்டார். 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் யுரேஷியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாதிப் பயிற்சியும் பிரசவம் பார்க்கும் பயிற்சியும் பெற்றவர். இலங்கைத் தமிழர் வழிவந்த டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். 1926 முதல் கணவனும் மனைவியும் ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தினார்கள். சிபில் கத்தோலிக்கர், ஜெபத்தை விடாதவர். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஆதலால் சீனக் குடும்பங்களிலும் அவருக்கு நல்ல செல்வாக்கு இருந்தது.

போர் நெருங்கியதும் குடும்பம் ஈப்போவை விட்டு, பாப்பான் என்ற சிறிய ஈயப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் சிபில் நோயாளிகளைக் கவனித்தார். இரவில் காட்டிலிருந்து காயப்பட்ட போராளிகள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், கம்யூனிஸ்டுகள், அவருடைய கடவுளை ஏற்காதவர்கள். வந்தவர்களுக்கு மருந்து போட்டு அனுப்பினார். வீட்டில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, பி.பி.சி. செய்திகளைக் கேட்டு நம்பிக்கையானவர்களிடம் சொன்னார். இரண்டில் எது வெளிப்பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்பது அவருக்குத் தெரியும்.

1943இல் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார் முதலில் கணவரையும், பிறகு சிபிலையும் பிடித்துக்கொண்டு போனார்கள். போராளிகளுக்கு உதவியவர்கள் யார் யார்? இந்தக் கேள்விக்கு விடை வாங்குவதற்காக அவரை எத்தனையோ விதமாக வதைத்தார்கள். முதுகெலும்பு சேதப்பட்டது, நடக்கும் சக்தி போயிற்று. ஒரு நாள், சின்னஞ்சிறுமியான அவருடைய கடைசி மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். பெற்ற தாயின் வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்! அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மேலதிகாரி ஒருவர் தடுத்ததால் குழந்தை பிழைத்தது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் மெடல் என்ற வீர விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் உடம்பு தேறவில்லை. 1948 ஜூன் 12ஆம் நாள், 48ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுகள் 1954இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

பகைவனைக் குழந்தையாகக் கண்டவர்

அதே 1943ஆம் ஆண்டு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் செப்டம்பர் இறுதியில் நேச நாட்டு வீரர்கள் இரவோடு இரவாக வந்து கப்பல்களைத் தகர்த்தார்கள். சாங்கி சிறையில் இருந்தவர்களே இதற்கு உளவு சொன்னார்கள் என்று கெம்பெத்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10 முதல் 57 பேர் விசாரணைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 15 பேர் மாண்டார்கள். ஒரு பாவமும் அறியாதவர்கள்!

பிடிபட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப் லெனர்டு வில்சன். அவரை அடித்தவர்கள், "உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை?" என்று ஏளனம் செய்தார்கள். கடவுள் வலியைத் தடுத்துக் காப்பாற்றுவதில்லை, அதைத் தாங்கும் பலத்தைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்பது அவர் பதில். போருக்குப் பிறகு, 1946இல் வானொலியில் பேசியபோது இதையெல்லாம் அவரே சொன்னார். அடிக்கிறவர்களை மன்னிக்கும்படி ஜெபிக்க எளிதில் மனம் வரவில்லையாம். அந்த முரட்டு முகங்களைப் பார்த்தபடி, இவர்களும் ஒரு காலத்தில் தாய் தந்தை மகிழ, அண்ணன் தம்பிகளோடு விளையாடிய சின்னஞ்சிறுவர்கள்தானே என்று எண்ணிப் பார்த்தாராம். சின்னக் குழந்தையை யாரால் வெறுக்க முடியும்? பின்னாளில், தம்மை வதைத்தவர்களில் ஒருவர் மனந்திரும்பி வந்தபோது அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்தவரும் இதே பிஷப்தான்.

சிங்கப்பூரில் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டு, சாங்கி கைதிகளுக்கு உணவும் மருந்தும் கடிதமும் சேர்த்து வந்த எலிசபெத் சோய் அம்மையாரும் அதே கெம்பெத்தாயிடம் சிக்கினார். அவரும் கிறிஸ்தவர், ஏறக்குறைய 200 நாட்கள் அடைபட்டுக் கிடந்தார். போர் முடிந்தபின், வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். போரே தீயது என்றார்.

வழக்கமாகச் செய்வதை விடாதிருத்தல்

இவர்கள் மூவரும் நமக்குச் சொல்லித்தருவது என்ன? ஆபத்து வந்த அன்று இவர்களுக்குப் புதிதாக விசுவாசம் முளைக்கவில்லை. சிபில் அம்மையார் போருக்கு முன் 15 ஆண்டுகள் கிளினிக்கில் செய்த அதே வேலையைத்தான் பாப்பானிலும் செய்தார். அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் ஏறியது. வேதாகமத்தில் தானியேலின் கதையும் அப்படித்தான். ஜெபித்தால் சிங்கக் குகை என்று அரச கட்டளை பிறந்தபோது அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. முன்பெல்லாம் செய்து வந்தபடியே நாளைக்கு மூன்று வேளை முழந்தாளிட்டார். அவ்வளவுதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். விசுவாசம் இவர்களைத் துன்பத்திலிருந்து தப்பவைக்கவில்லை. "வேண்டிக்கொண்டேனே, ஏன் இப்படி?" என்று மனம் உடைந்து கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கஷ்டத்தில் இருப்பவனுக்குப் பிரசங்கத்தைவிட ஒரு வேளைச் சோறும் ஒரு மணி நேரத் துணையும் பெரிது.

நமக்குக் கெம்பெத்தாயின் சோதனை வராமல் போகலாம். ஆனால் மேலாளருக்குப் பயந்து கூட வேலை செய்பவனைக் காட்டிக்கொடுக்கும் சோதனை வரும். கடன் தொல்லையில் பொய்க் கணக்கு எழுதும் சோதனை வரும். கெடுதல் செய்தவனை மனதுக்குள் வைத்துக் கருவும் சோதனை, அனேகமாக, தினமும் வரும்.

அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். இரவு படுக்குமுன் குடும்பமாகப் பத்து நிமிடம் ஜெபியுங்கள். மாதம் ஒரு முறையாவது, உங்கள் சபையையோ மதத்தையோ சேராத ஒருவருக்கு ஓர் உதவி செய்யுங்கள். உங்கள்மீது பகை வைத்திருப்பவரின் பெயரை, ஜெபத்தில் ஒரு முறை அன்போடு சொல்லிப் பாருங்கள். முதல் நாள் நாக்கு எழாது. பிஷப் வில்சனுக்கும் எளிதில் எழவில்லை என்பதை நினைத்துக்கொண்டு, மறுநாளும் சொல்லுங்கள்.