ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லையா?

புதிய கேமிங் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒயர்களை எல்லாம் இணைத்துப் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கேபினட்டுக்குள் வண்ண வண்ண விளக்குகள் எரிகின்றன. ஃபேன்கள் சுற்றுகின்றன. ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்ற வாசகம் சில நொடிகள் தெரிகிறது. பிறகு அதுவும் மறைந்து திரை கறுப்பாகிவிடுகிறது.

முக்கால் லட்சம், ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய பொருள் இப்படிச் செய்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம். கடையில் ஓடிக் காட்டிய புதுக் கம்ப்யூட்டர் வீட்டில் இப்படி அடம் பிடித்தால், பாகம் எரிந்துபோயிருப்பதைவிட, ஏதோ ஒன்று இடம் மாறிச் செருகப்பட்டிருக்கவோ பயணத்தில் தளர்ந்திருக்கவோதான் வாய்ப்பு அதிகம். அதை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். ஃபேன் சுற்றுகிறது என்றால் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல. எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் கொடுத்தால் ஃபேன் சுற்றும், அவ்வளவுதான். பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் மதர்போர்டில் உள்ள பயாஸ் புரோகிராம் சோதித்த பிறகுதான் திரைக்குப் படம் போகும். அந்தச் சோதனை முடிந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக் அல்லது நம் லாக் கீயை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது; கோளாறு படம் வரும் வழியில் இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் பெட்டிக்குள் பார்க்க வேண்டியிருக்கலாம்.

படம் வரும் வழியை முதலில் பார்ப்போம். மானிட்டரில் உள்ள பட்டனை அழுத்தி, 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில், நீங்கள் கேபிள் செருகியிருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை இரு முனையிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அடுத்ததுதான் பலர் தடுமாறும் இடம். கேபினட்டின் பின்பக்கம் மானிட்டர் கேபிள் செருக இரண்டு இடங்கள் இருக்கலாம். மேலே, யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்கு அருகில் இருப்பது மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே தனியாக ஒரு வரிசையாக இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. நிமிர்ந்து நிற்கும் சாதாரண கேபினட்டில் மதர்போர்டின் ஹெச்.டி.எம்.ஐ. துளை நின்ற வாக்கிலும் கிராபிக்ஸ் கார்டின் துளை படுத்த வாக்கிலும் இருக்கும். உங்கள் கேபிள் படுத்த வாக்கில் உள்ள துளைக்குத்தான் போக வேண்டும்.

'மேலே செருகினால் என்ன, அதுவும் ஹெச்.டி.எம்.ஐ. தானே?' என்று கேட்கலாம். துளை இருக்கும்; படம் அனுப்ப ஆள் இருக்காது! இன்டெல் பிராசஸர்களில் கோர் ஐ5-12400எஃப் போல எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. ரைசன் 5 5600 பிராசஸரிலும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. கிராபிக்ஸ் கார்டு தனியாகத்தான் வாங்கப்போகிறோம் என்பதால் கேமிங் கம்ப்யூட்டர்களில் விலை குறைந்த இந்த எஃப் வகையைத்தான் பலரும் போடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அப்போது மதர்போர்டின் ஹெச்.டி.எம்.ஐ. துளை வெறும் அலங்காரம்தான்.

என் சித்தி மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து போன். "அண்ணா, டிஸ்ப்ளே வரலை. இங்க ஒரு சர்வீஸ்காரர் பாத்துட்டு மதர்போர்டு போயிருச்சுங்கிறார். மாத்த 14 ஆயிரம் ஆகுமாம். அப்பா பேசவே மாட்டேங்கிறாங்க" என்றான். சித்தப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது அது. "பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா" என்றேன். கேபிள் மேலே இருந்தது. பிராசஸர் எஃப் வகை. கிராபிக்ஸ் கார்டின் துளைகளில் பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. மூடியிருப்பதால் அவற்றைத் தொடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். மூடியை எடுத்துவிட்டுக் கேபிளை மாற்றியதும் படம் வந்தது. செலவு, ஒரு ரூபாய் கூட இல்லை. அந்தச் சர்வீஸ்காரருக்குக் கொடுத்த 300 ரூபாய் போனது போனதுதான்.

கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் படமில்லை என்றால்? நீங்களே அசெம்பிள் செய்த டி.டி.ஆர்.5 ராம் உள்ள கம்ப்யூட்டராக இருந்தால், பத்து நிமிடம் சும்மா இருங்கள். உண்மையாகவே சும்மா! முதல் முறை ஆன் செய்யும்போது மதர்போர்டு ராமைப் பலவிதமாகச் சோதித்து, அதற்கு ஏற்ற அமைப்பைக் கண்டுபிடிக்கும். இதை மெமரி டிரெயினிங் என்கிறார்கள். ஏ.எம்.டி.யின் 2022-ல் வந்த ஏ.எம்.5 மதர்போர்டுகளில் இது சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இழந்து பவரை நிறுத்தினால் அது மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும்.

அதற்கும் மசியவில்லையா? பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். பக்கவாட்டு மூடியில் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறங்கள். சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

ராமைக் கழற்றி, க்ளிப் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே க்ளிப் இருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால் பொதுவாகப் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். மேனுவலில் படம் இருக்கும். ஒரே ஒரு ராமை மட்டும் போட்டும் பாருங்கள். ரப்பரால் தேய்க்கும் நம்மூர் வைத்தியம் பழைய ராமுக்கு உதவலாம், புது ராமுக்குத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டுகளில் சில ஒரு கிலோவுக்கு மேல் எடை. பஸ், லாரி குலுக்கலில் ஸ்லாட்டிலிருந்து லேசாக நகர்ந்திருக்கும். கழற்றி மாட்டி, அதன் பவர் கேபிளும் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக ஒரு எட்டு முள் கேபிள் உண்டு. அது விட்டுப்போனால் ஃபேன் சுற்றும், படம் வராது. இதுவும் கிராபிக்ஸ் கார்டின் எட்டு முள் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. நுழையாததை அழுத்தாதீர்கள்.

இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் என்றால் ராம், வி.ஜி.ஏ. என்றால் கிராபிக்ஸ் கார்டு. சி.பி.யு. விளக்கு நின்றால் பயாஸ் பழையதாகவும் இருக்கலாம். 2024-ல் வந்த ரைசன் 9000 பிராசஸரைப் பழைய பயாஸ் உள்ள ஏ.எம்.5 போர்டில் போட்டால், பயாஸைப் புதுப்பித்தால்தான் ஓடும்.

பயாஸில் எக்ஸ்.எம்.பி. போன்ற ராம் வேகத்தை மாற்றிய பிறகு திரை போனதென்றால், பிளக்கைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள காசு போன்ற சி.ஆர்.2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மாற்றியதெல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து பிறகு திரை கறுப்பாவது வேறு கதை. அது டிரைவர் சிக்கலாக இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு கீகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும்.

இத்தனையும் பார்த்தும் வரவில்லை என்றால் வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள், வேறு எங்கும் வேண்டாம். எந்த விளக்கு நிற்கிறது என்று செல்போனில் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். பில்லும், கிராபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியும் கையில் இருக்கட்டும். பஸ்ஸில் அனுப்புவதானால் கார்டைக் கழற்றி அந்தப் பெட்டியிலேயே தனியாக அனுப்புங்கள்.