உஷார்! கனெக்‌ஷன் கொடுக்கத் தெரியாத இ.இ.இ. பட்டம்

ஒரு தொழிற்சாலையின் பேனல் அறை. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான தம்பி ஒருவன், கையில் மல்டிமீட்டரோடு 415 வோல்ட் பஸ்பார் முன்னால் நிற்கிறான். மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஃபேஸில் வைக்கப்போகிறான். "நில்லு!" என்று கத்தியபடி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் சார்? 750 வோல்ட்லதானே வச்சிருக்கேன்?"

மீட்டரின் குமிழ் 750-இல்தான் இருந்தது. ஆனால் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தது. சற்றுமுன் ஒரு கன்ட்ரோல் சர்க்யூட்டில் கரன்ட் அளந்தவன், வயரை மாற்ற மறந்துவிட்டான். குமிழ் எங்கே இருந்தாலும் சரி, அந்தத் துளைக்கும் 'காம்' துளைக்கும் நடுவே மீட்டருக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு துண்டுக் கம்பிதான். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அதற்கு ஃப்யூஸ்கூடக் கிடையாது. முனைகளை வைத்திருந்தால் இரண்டு ஃபேஸும் அவன் உள்ளங்கைக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும். அப்போது கிளம்பும் ஆர்க் கையோடு நிற்காது. முகம், கண் எல்லாவற்றையும் பொசுக்கிவிடும்.

நெஞ்சு படபடப்பு அடங்கியபின், டீ குடிக்கும்போது கேட்டேன்: "காலேஜ்ல மீட்டரே தொட்டதில்லையாப்பா?"

"எங்க பேட்ச்ல கனெக்‌ஷன் கொடுக்கிறவன் வேற ஒருத்தன் சார். நான் ரீடிங் எழுதுவேன்."

அவன் முதல் வகுப்பில் தேறியவன். அரியர் ஒன்றுகூடக் கிடையாது. பயமே அங்கேதான். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படிப்பைக் குறை சொல்லவில்லை. காற்றாலை, சோலார், மின்வாகனம், கோயம்புத்தூர் பம்ப் மோட்டார் என்று அந்தப் படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆனால் நான்கு வருடமும் கை படாமலே கடந்து, பட்டத்தோடு நேராகப் பேனல் முன்னால் போய் நிற்கலாம் என்பதுதான் நிலைமை. ஆகவே உஷார்!

சேரும் முன்: லேபைத் திறக்கச் சொல்லுங்கள்

கவுன்சலிங்கில் 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப், எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று இரவு பகலாகக் கணக்குப் போடுகிறோம். சாய்ஸ் லிஸ்ட்டில் பெயர் ஏற்றும் முன் ஒரு நாள் அந்தக் கல்லூரிக்கே போய்விட்டு வாருங்கள். முகப்பு வளைவையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்தது போதும். மெஷின்ஸ் லேபைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று தேடினால், அதுவே பதில். திறந்தால் மோட்டார் மேல் தூசி படிந்திருக்கிறதா, தரையில் ரப்பர் பாய் விரித்திருக்கிறதா, மின்னதிர்ச்சிக்கான முதலுதவிப் படம் சுவரில் தமிழில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மோட்டாருக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள்.

இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. நாக் தரச்சான்று முழுக் கல்லூரிக்குமானது. என்.பி.ஏ. அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கிடைத்த என்.பி.ஏ.வைக் காட்டி இ.இ.இ. சீட்டைத் தள்ளிவிட முடியும். "இ.இ.இ.க்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த ஆண்டு வரை?" என்று நேராகக் கேளுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. ஆனால் அந்தப் பலன் என்.பி.ஏ.வின் 'டயர் 1' அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்குத்தான்.

லேபில்: ஐந்து பேருக்கு ஒரு மோட்டார்

பேட்சில் ஐந்து பேர். ஒருவன் கனெக்‌ஷன் கொடுப்பான், ஒருவன் ரீடிங் எழுதுவான், மற்ற மூவர் சுவரில் சாய்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எல்லோரும் ஒரே கர்வ் போடுவார்கள். ரீடிங் சரியாக வராவிட்டால் 'சமைத்துக்கொள்ளலாம்'.

டி.சி. சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்டக் கூடாது என்று வைவாவில் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பிரேக் டிரம்மின் பெல்ட்டை இறுக்காமல் சுவிட்சைப் போடுகிறவனும் அவர்களில் ஒருவன்தான். மோட்டார் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். சுற்றும் பாகம் சிதறவும் கூடும். ஷன்ட் மோட்டாரில் ஃபீல்ட் வயர் கழன்றாலும் இதே கதிதான். கரன்ட் ஓடும்போது சி.டி. எனும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியைத் திறந்துவிட்டால் அங்கே ஆபத்தான உயர் வோல்ட்டேஜ் எகிறும். டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் செய்யும்போது, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டவனுக்கு அடுத்த நொடியே பாடம் கிடைக்கும்.

இவை பரீட்சைக் கேள்விகள் மட்டுமல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. ஆகவே பேட்சில் முறை வையுங்கள். இந்த வாரம் ஒருவன், அடுத்த வாரம் இன்னொருவன். மாணவிகளை ரெக்கார்டு எழுத உட்காரவைத்துவிட்டுப் பையன்கள் வயர் பிடிக்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். தங்கச்சிகளே, அந்த நோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு வயரை வாங்குங்கள்! மோதிரம், வளையல், தொங்கும் துப்பட்டா, ரப்பர் செருப்பு இவற்றோடு மட்டும் லேபுக்குள் போகாதீர்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நம்பாதீர்கள்

எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஏறத்தாழ 0.01 ஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 0.1 ஆம்பியர் இதயத் துடிப்பைக் குலைத்துவிடப் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை, அசையாமல் இருக்கும். ஆளைக் காக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் லேபில் அது இருக்கிறதா? டெஸ்ட் பொத்தானை யாராவது அழுத்திப் பார்க்கிறார்களா? நண்பன் ஷாக்கில் மாட்டினால் பாய்ந்து போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தால்தான் அது முடியும்.

விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட்

கடைசி வருடம் வந்ததும் ப்ராஜெக்ட் சென்டர்கள் வலை விரிக்கும். பணம் கட்டினால் கிட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் தயார். மார்க்கும் வந்துவிடும். ஆனால் நேர்முகத் தேர்வில், "இந்த மாஸ்ஃபெட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய்? சூடானால் என்ன செய்வாய்?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன கன்வர்ட்டரை நீங்களே சால்டர் செய்து, அது ஏன் ஓடவில்லை என்று பத்து நாள் தேடியிருந்தால், அந்தத் தேடலைச் சொல்லியே வேலை வாங்கலாம்.

பட்டம் வந்த பிறகும் இரண்டு உஷார். பி.இ. இருந்தால் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றும் உரிமமும் தனியாக வேண்டும். மின்வாரியத்தில் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது லட்சங்களில் பேசினால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த வேலைக்குப் போட்டித் தேர்வுதான் வழி.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை விடுமுறைக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்றுதானே கேட்போம்? இந்த முறை அதற்கு முன்னால் வேறொன்று கேளுங்கள்: "போன வாரம் லேபில் கனெக்‌ஷன் கொடுத்தது யார்?"

"வேற ஒருத்தன்" என்று பதில் வந்தால், இப்போதே விழித்துக்கொள்ளுங்கள். பேனல் முன்னால் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க எப்போதும் ஓர் ஆள் நிற்கமாட்டார்.