பன்றிக் கூட்டத்தில் புதியவை சேரும்பொழுது

பன்றி தனித்து வாழும் பிராணியன்று. சில தாய்ப் பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் அடங்கிய சிறு கூட்டமாக வாழ்வதே அதன் இயல்பு. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கருகே பண்ணைப் பன்றிகளைத் திறந்த வெளியில் விட்டு ஆராய்ந்த ஸ்டோல்பா, உட்-கஷ் என்னும் விஞ்ஞானிகள் 1989-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல தலைமுறைகள் கொட்டிலில் வளர்ந்த இனமாயினும், அப்பன்றிகள் காட்டு மூதாதைகளின் பழக்கங்களை மறந்துவிடவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று.

முன்பின் அறியாத பன்றிகளை ஒரே கொட்டிலில் அடைத்தால் சண்டை மூள்கின்றது. இது தீய குணமன்று. எது முந்துவது, எது விலகுவது என்னும் வரிசையை நிர்ணயிக்கும் முறையேயாகும். முதல் இரண்டு நாட்களில் சண்டை கடுமையாயிருக்கும். வரிசை நிலைபெற்றபின் எளிய பன்றி தலையைத் திருப்பி ஒதுங்குவதே போதுமானது. ஆனால் அதற்குள் தோளிலும் காதிலும் காயங்கள் உண்டாகின்றன, வளர்ச்சி தடைப்படுகின்றது. சினையின் தொடக்கத்தில், கரு கருப்பையில் பற்றும் வாரங்களில், இத்தகைய அதிர்ச்சி கருச்சேதத்தையும் விளைவிக்கலாம்.

கூட்டத்தைக் கலைத்துச் சேர்க்குந்தோறும் இத்தீங்கு மீண்டும் நேர்கின்றது. ஆதலின் ஒருமுறை அமைத்த கூட்டத்தை மாற்றாதிருத்தலே முதல் விதி. சேர்ப்பது தவிர்க்க முடியாததாயின், புதியவற்றை முதலில் தனியே வைத்து நோயின்மையை உறுதி செய்தல் வேண்டும். பின்னர் விசாலமான இடத்தில், தோற்றது ஓடி மறையத் தடுப்புச் சுவர் அமைத்து, எல்லாம் ஒருங்கே உண்ணுமாறு நீண்ட தொட்டியில் தீவனம் இட்டு, வைக்கோல் பரப்பிச் சேர்க்கலாம். பால்குடிக் குட்டிகள் தாயை விட்டுப் பிரியுமுன்பே பிற ஈற்றுக் குட்டிகளுடன் பழகினால், பிற்காலத்தில் சண்டை குறைகின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி 1 முதல், இனச்சேர்க்கைக்கு நான்கு வாரங்களுக்குப் பின்னரிருந்து ஈனுவதற்கு ஒரு வாரம் முன்வரை தாய்ப் பன்றிகளைக் கூட்டமாக வைத்தல் சட்டமாயிற்று. மிகச் சிறு பண்ணைகளுக்கு மட்டும் விலக்குண்டு. கூண்டினின்று விடுதலை பெற்ற பன்றிக்குக் கூட்டத்தில் அமைதி கிட்டுவது வளர்ப்போரின் திறமையைப் பொறுத்தது.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் 21 லட்சம் அஸ்ஸாமைச் சேர்ந்தவை. இரண்டு மூன்று குட்டிகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒன்று நலிவதும் பெருநஷ்டமே. ஆகவே களப்பணியாளர் புதிய பன்றி சேர்ந்த மூன்றாம் நாள் அவ்வீட்டிற்குச் சென்று, தோள்களில் புதுக்காயம் உண்டா, எளியதும் தொட்டியை அணுகுகின்றதா என்று நோக்குவாராக. கொட்டிலின் அமைதியை அளக்க அவ்விரண்டுமே நல்ல அடையாளங்களாம்.